இரண்டும் வலது

தமிழ் எனக்கு வலது கையில் வந்தது. ஆங்கிலம் இடது கையில் வந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் எட்டு வயது வரை இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஏற்பாடு என்றுதான் நம்பியிருந்தேன்.

பிறவியிலேயே எனக்கு இடது கைப்பழக்கம். பள்ளிக்கூடம் போகும் முன்பே வீட்டுக்கு வந்து தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார், நான் பலப்பத்தை இடது கையில் எடுக்கும்போதெல்லாம் பிடுங்கி வலது கையில் திணிப்பார். அடிக்கமாட்டார். முகத்தை மட்டும் ஏதோ அழுகின மீனைப் பார்த்தது போல வைத்துக்கொள்வார். அடியைவிட அது மோசம். அதனால் ‘அ’விலிருந்து ‘ன’ வரை எல்லா எழுத்தையும் வலது கை கற்றுக்கொண்டது. பிறகு ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் அங்கேயும் இடது கைக்காரப் பிள்ளைகளின் விரல் முட்டியில் அடிகோல் விழுவது வழக்கம்தான். எனக்கு வாய்த்த டீச்சர் கனத்த உடம்புள்ள யூரேசியப் பெண்மணி, பாதி வெள்ளைக்காரர். மூட்டுவலிக்காரர். யார் எந்தக் கையால் எழுதுகிறார்கள் என்று பார்க்க நாற்காலியை விட்டு எழுந்து வரமாட்டார். ஆகவே ஆங்கிலத்தை என் இடது கை எடுத்துக்கொண்டது. பள்ளியில் மலாய் வகுப்பும் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, அதற்கு எந்தக் கையைக் கொடுப்பது என்று கவலைப்பட்டது நினைவிருக்கிறது.

டன்லப் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் இருந்தோம். கீழே மாவு மில். பகல் முழுதும் தரை லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். மிளகாய் அரைக்கும் நாளில் வீடே தும்மும். அப்பா கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க். சந்திலேயே ஆங்கிலம் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்கு. யாருக்குப் பள்ளியிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ காகிதம் வந்தாலும் அப்பாவிடம்தான் கொண்டு வருவார்கள். அப்பா அதை ஒருமுறை மனதுக்குள் படித்து, ஒருமுறை உரக்கப் படித்து, பிறகுதான் தமிழில் சொல்வார். இரண்டாவது படிப்புக்கு அவசியமே இல்லை. ஆனால் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். சுற்றுவட்டாரப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அவளுக்கும் என்னைப் போலவே இடது கை. சாப்பிடுவதும், கொடுப்பதும், வாங்குவதும் வலது கையால். வெட்டுவதும், ஊசி பிடிப்பதும், வெங்காயம் நறுக்குவதும் இடது கையால். வலது கைக்காரர்களுக்கென்று செய்த கத்திரிக்கோலை இடது கையில் பிடித்தே வெட்டிப் பழகியதில், கட்டைவிரல் அடியில் அவளுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. தைக்காத நேரத்தில் அதை மற்ற விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். எனக்கு இடது கை வந்ததற்கு அத்தைதான் காரணம் என்று அம்மா நம்பினாள்.

“உங்க தங்கச்சியைப் பார்த்துத்தான் இவளும் கத்துக்கிட்டா” என்பாள் அப்பாவிடம், அத்தை காதில் விழும்படி.

அத்தை மறுத்துப் பேசமாட்டாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள்.

ஒருநாள் வகுப்பில் ஆங்கிலப் பாடம் எழுதி முடித்துவிட்டு, அடுத்த மணி தமிழ் என்பதால், டீச்சர் இருக்கும்போதே தமிழ் நோட்டை எடுத்து, பென்சிலைக் கை மாற்றி எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த சீனத் தோழி கையைத் தூக்கி, “டீச்சர், இவ கை மாத்தி எழுதுறா” என்று சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். முதலில் ஒரு கையால் எழுதச் சொன்னார். பிறகு மறு கையால் எழுதச் சொன்னார். இரண்டையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்து, நீளமாக ஒரு வார்த்தையைச் சொன்னார்.

ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்.

கரும்பலகையில் எழுதியும் காட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் சிரித்தாரா, சிரிக்கவில்லையா என்று தெரியவில்லை. அவர் முகம் எப்போதும் வலியில் இருக்கும். நான் அழுதுவிட்டேன். “அழாதே, அது நல்ல விஷயம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் ஊசி போடும்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

வார்த்தை மறந்துவிடக் கூடாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சிராங்கூன் சாலையில் எருமைப் பால்காரரின் வண்டிக்கு வழிவிட்டபோது நடு எழுத்து ஒன்று கழன்றது. பூக்கடை தாண்டும்போது வால் கழன்றது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் மிச்சம் இருந்தது “அம்பு டெக்ஸ்” மட்டும்தான்.

“டீச்சர் என்னை அம்பு டெக்ஸ்னு சொல்லிட்டாங்க” என்றேன்.

அம்மா பதறிப்போய், “நல்லதா சொன்னாங்களா, கெட்டதா சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அகராதியை இறக்கினார். தடித்த சிவப்பு அட்டைப் புத்தகம். பீரோவின் மேல் துணி போர்த்தி வைத்திருப்பார். நான் சொன்னதை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினார். அம்புக்கும் எறும்புக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று நான் உதவி செய்தேன். கடைசியில் கண்டுபிடித்துவிட்டு, ஒருமுறை மனதுக்குள்ளும் ஒருமுறை உரக்கவும் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ரெண்டு கையையும் ஒரே மாதிரி உபயோகிக்கிறவங்க. அதுதான் அர்த்தம். லத்தீன் பாஷை. ஆம்பின்னா ரெண்டும். டெக்ஸ்டர்னா வலது. ரெண்டும் வலது.”

“ரெண்டும் வலதா?” என்றேன். “அப்ப என் இடது கை எங்க, அப்பா?”

அப்பா மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். “அதுவும் வலது ஆயிடுச்சு” என்றார்.

நான் என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது அப்படியேதான் இருந்தது.

அத்தை தையல் மிஷினை நிறுத்திவிட்டு, “அண்ணே, எனக்கும் அந்தப் பேரு உண்டா?” என்று கேட்டாள்.

“உனக்கும்தான். நம்ம வீட்டுல ரெண்டு ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்” என்றார் அப்பா, ஏதோ இரண்டு பட்டதாரிகளைப் பெற்றவர் போல. அத்தை அந்த வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. சிரித்துக்கொண்டே மிஷினை மிதித்தாள்.

வார்த்தை அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை வாத்தியார் வந்ததும் அப்பா பெருமையாகச் சொன்னார். இங்கிலீஷ்காரன் என்ன புதிதாகச் சொல்லிவிட்டான் என்று வாத்தியார் உடனே சவ்வியசாசி என்ற வடமொழிப் பெயரை எடுத்து வைத்தார். சவ்வியம் என்றால் இடது. இடது கையாலும் அம்பு தொடுக்கத் தெரிந்த வில்லாளிக்குப் பழைய காலத்தில் அப்படிப் பெயர் என்றார். அம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் துள்ளிக் குதித்தேன். அம்புதான் ஆம்பி ஆகியிருக்குமோ என்று கேட்டேன். வாத்தியார் மோவாயைத் தடவி, அப்படியும் இருக்கலாம் என்றார். அப்பா அப்படி இருக்கவே முடியாது என்றார். இரண்டு பேரும் கோப்பி ஆறும்வரை சண்டை போட்டார்கள்.

எனக்கோ குழப்பம் கூடிப்போயிற்று. ஒரு பாஷையில் இரண்டும் வலது. இன்னொரு பாஷையில் இடதுக்குத்தான் மரியாதை. அப்படியானால் இனிமேல் தமிழையும் இடது கையால் எழுதலாமா என்று கேட்டேன்.

“அவன் அம்பு விட்டான். தமிழ் எழுதல” என்று சொல்லிப் பலப்பத்தை வலது கையில் திணித்தார் வாத்தியார்.

எங்கள் வாத்தியாருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகும் வீடுகளில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, சம்பந்தம் பேசுவார். அன்று கிளம்பும் முன் குரலைத் தாழ்த்தி, “உங்க தங்கச்சிக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கு. கேலாங்குல. பையன் மின்சார இலாகாவுல வேலை” என்றார்.

அம்மாவின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. நல்ல இடம், நல்ல இடம் என்று அன்று முழுதும் வீட்டில் அதே பேச்சு. நான் அம்மாவிடம் போய், “இடம் நல்லதுன்னா, இடது கை மட்டும் ஏன் கெட்டது?” என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, தேக்கா பாசாருக்குப் போய்த் தேங்காய் வாங்கி வரச் சொன்னாள்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முன் அம்மா அத்தைக்கு ஒத்திகை நடத்தினாள். இடது கையை ஒளித்து வைக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். “முந்தானையைச் சுத்தி இடது கையில பிடிச்சுக்க. கடைசி வரைக்கும் விடாத. அது பிடிச்சுக்கிட்டே இருந்தா வேற எதையும் தொடாது.” மாப்பிள்ளை வீட்டாராக நான் பாயில் உட்கார்ந்துகொள்ள, அத்தை முந்தானையைப் பிடித்தபடி வெறும் தம்ளரை எனக்கு நீட்டினாள். நான் குடித்துவிட்டு, பெண் பிடித்திருக்கிறது என்று சொல்வேன். அத்தை சிரிப்பாள். அம்மா, “சிரிக்காத, அங்கேயும் சிரிச்சுத் தொலைக்கப் போற” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அந்த அமைதியில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். தாய்மாமன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். அந்தக் குடும்பத்தில் நோய் நொடி பற்றி அவர் சொல்வதுதான் முடிவு என்று வாத்தியார் முன்பே சொல்லியிருந்தார். கனமான ஆள். பேசும்போது இரண்டு கைகளும் காற்றில் பறக்கும்.

அத்தை தட்டை முக்காலியில் வைத்துவிட்டு, முந்தானையை விடாமல், வலது கையால் ஒவ்வொரு தம்ளராக எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. மாமனுக்கும் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீட்டிய அந்த நேரத்தில், மாமன் ஏதோ கதையின் உச்சத்தில் கையை வீசினார். கை அத்தையின் முழங்கையில் பட்டது. தம்ளர் நழுவியது.

அது தரையைத் தொடவில்லை. முந்தானை எப்போது விடுபட்டது என்று தெரியாது. அத்தையின் இடது கை கீழே போய்த் தம்ளரை ஏந்திக்கொண்டிருந்தது. கோப்பி விளிம்பு வரை வந்து தளும்பி, உள்ளேயே அடங்கிற்று. அப்படி ஒரு அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை தட்டலாம் என்று நினைத்தேன். அதே வேகத்தில் அத்தை அந்தக் கையாலேயே தம்ளரை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீட்டிவிட்டாள்.

அந்த அம்மாள் வாங்கவில்லை.

அத்தைக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆயிற்று. தம்ளரை வலது கைக்கு மாற்றினாள். அப்போதும் யாரும் வாங்கவில்லை. அம்மா சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அப்பா தொண்டையைச் செருமினார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. என் தங்கச்சி ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்.”

அறையில் இருந்த எல்லோரும் டிரஸ்ஸர் மாமனைப் பார்த்தார்கள். ஆங்கிலமும் ஆஸ்பத்திரியும் அவர் பொறுப்பு. அவருக்கு அந்த வார்த்தை தெரியாது என்பது இன்று எனக்கு உறுதி. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

“டெக்ஸ்ட்ரஸா…” என்று இழுத்தார். “எவ்வளவு நாளா இருக்கு?”

“பொறந்ததுலேருந்தே!” என்றார் அப்பா சந்தோஷமாக.

“ஓ. குடும்பத்துல வேற யாருக்காச்சும்?”

“இதோ, என் பொண்ணுக்கும் இருக்கு லா. பரம்பரை!”

மாமன் என்னைப் பார்த்தார். அவ்வளவு இரக்கத்தோடு என்னை யாரும் பார்த்ததில்லை. “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“டாக்டர் எதுக்குங்க? இவ டீச்சரே கண்டுபிடிச்சுட்டாங்க.”

மாமன் மெல்லத் தலையாட்டினார். போகும்போது என் தலையைத் தடவி, “பிள்ளைக்கு ஊட்டமா சாப்பாடு குடுங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் படியிறங்கியதும் அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டார். “பார்த்தியா? ஒரு வார்த்தை. அடங்கிட்டாங்க” என்றார்.

அடுத்த முறை வாத்தியார் வந்தபோது உட்காரவே இல்லை.

“பொண்ணு நல்ல பொண்ணுதானாம். மூக்கு முழியெல்லாம் பிடிச்சிருக்காம். அந்த வியாதி மட்டும் இல்லாம இருந்தா…”

“எந்த வியாதி?” என்றார் அப்பா.

“அதான், டெக்ஸ்ட்ரோஸ். ஆஸ்பத்திரியில பாட்டில்ல தொங்கவிட்டு நரம்புல ஏத்துவாங்களாமே? அது ஏத்துற அளவுக்கு முத்தின கேசுன்னு மாமன் சொல்லிட்டாராம். சின்னப் பொண்ணுக்கும் இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம்.”

 அப்பா நாற்காலியைப் போட்டு ஏறி, அகராதியை இறக்கினார். சட்டையை மாட்டினார். “கிளம்பு” என்றார் என்னிடம். அத்தை மிஷினிலிருந்து எழுந்து வந்து, வழியை மறிப்பது போல நின்றாள்.

“போகாதீங்க, அண்ணே. விட்டுடுங்க.”

“உன்னை நோயாளின்னு சொல்லியிருக்கான்!”

“சொல்லிட்டுப் போறாங்க. போகாதீங்க.”

ஆனால் அப்பாவைத் தடுக்க முடியாது. தங்கையை நோயாளி என்றது ஒரு பக்கம். தான் சொன்ன ஆங்கிலம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இன்னொரு பக்கம். எது அவரை அதிகம் சுட்டது என்று நான் இன்று வரை முடிவு செய்யவில்லை.

பஸ் மாறி கேலாங்குக்குப் போனோம். லோரோங் என்று சொல்லும் சந்து ஒன்றின் உள்ளே, தகரக் கூரை போட்ட பலகை வீடு. மாப்பிள்ளை பனியனோடு சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். அவருடைய அம்மா நல்ல முறையாகவே எங்களை உட்காரச் சொன்னார். டிரஸ்ஸர் மாமன் வேலைக்குப் போயிருந்தார். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அப்பா அகராதியைத் திறந்து உரக்கப் படித்தார். தமிழில் சொன்னார். பிறகு நிரூபணமாக என்னை முன்னால் தள்ளினார். மாப்பிள்ளை நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பென்சிலோடு கொடுத்தார். நான் வலது கையால் ‘அம்மா’ என்று எழுதினேன். பென்சிலை மாற்றி, அதே சொல்லை இடது கையால் ஆங்கிலத்தில் எழுதினேன்.  மாப்பிள்ளையின் அம்மா தாளை வாங்கி, தூரமாக வைத்துப் பார்த்தார்.

“அப்ப வியாதி இல்லை.”

“இல்லவே இல்லைங்க.”

“பீச்சாங்கை.”

அப்பாவுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. “அப்படி இல்லீங்க. ரெண்டு கையும் வலது கைன்னு அர்த்தம். புத்தகத்துலயே போட்டிருக்கு.”

அந்த அம்மாள் சிரிக்காமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டார்: “ரெண்டும் வலது கைன்னா, காலையில எழுந்து கழுவுறது, தொடைக்கிறது எல்லாம் அந்தப் பொண்ணு எந்தக் கையால செய்யும்?”

அப்பா அகராதியைப் பார்த்தார். அதில் இல்லை.

அப்போதுதான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை வாயைத் திறந்தார். கூச்சமான குரல். நல்ல மனிதர், அதை இன்றும் சொல்வேன். “அம்மா, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு லா. அந்தத் தம்ளரைப் பிடிச்சாங்க பாருங்க… வேற யாருக்கும் வராது. கை விஷயம்தானே? கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா பழக்கிடலாம். சைக்கிள் கத்துக்கிற மாதிரிதான்.”

அவருடைய அம்மா மகனையும், தாளையும், என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, “சாமி காரியத்துல மட்டும் அந்தக் கை வரக்கூடாது. அதை நான் பாத்துக்கறேன்” என்றார். அது சம்மதம் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே போய் எனக்கு ஒரு லட்டு கொண்டு வந்தார். எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல், நான் இரண்டையும் நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் அப்பா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தார்.

வீட்டில் அத்தை தரையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். படித்துக் காட்டியது, நான் எழுதியது, அந்த அம்மாள் வாயடைத்துப் போனது. வாயடைத்தது யார் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அம்மா கரண்டியோடு வந்து நின்று, கேட்டுக்கேட்டு மகிழ்ந்தாள்.

அத்தை வெட்டுவதை நிறுத்தாமலே, “அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“தங்கமான பையன். உன்னைப் பிடிச்சிருக்குன்னு வாய்விட்டே சொல்லிட்டான். கையெல்லாம் ஒரு விஷயமே இல்லையாம். கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா வலது கைக்குப் பழக்கிடலாம்னு சொல்றான்.”

கத்திரிக்கோல் நின்றது. பாதி வெட்டிய துணியில் அது அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“எனக்கு வேண்டாம், அண்ணே” என்றாள் அத்தை.

“என்ன வேண்டாம்?”

“இந்த இடம் வேண்டாம்.”

அப்பா சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “ஏன்? அவங்களே சம்மதம்னு சொல்லியாச்சு. நான் அவ்வளவு தூரம் போய்ப் பேசி…”

“போகாதீங்கன்னு சொன்னேன்ல?” அத்தையின் குரல் உயரவில்லை. “வியாதின்னு நினைச்சு வேண்டாம்னாங்க, எனக்கு வருத்தமே இல்லை. இப்ப கையைப் பார்த்துட்டு, திருத்தி எடுத்துக்கறோம்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டு வலது கை வேண்டாம். ஒண்ணு வலது, ஒண்ணு இடது. இருக்கறது போதும்.”

அத்தை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா உதவிக்கு அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் வீட்டில் இடது கையின் முதல் எதிரி. அத்தையைப் பிடித்து உலுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டு, “விடுங்க” என்றாள். ஒரே வார்த்தை. சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வேண்டாம் என்றவர்கள் வேண்டும் என்கிறார்கள். வேண்டும் என்று காத்திருந்தவள் வேண்டாம் என்கிறாள். கோபப்பட வேண்டிய அம்மா கோபப்படவில்லை. அந்த மாப்பிள்ளை எங்களை வைதாரா, புகழ்ந்தாரா? புகழ்ந்தார் என்றால், அத்தையின் கண் ஏன் அப்படிச் சிவந்திருந்தது?

பிறகு பல நாட்கள் அப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, “உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்பாள் அத்தை என்னிடம். “வரேன்னு சொல்லு” என்பார் அப்பா. வாத்தியார் எங்கள் வீட்டில் தமிழ் மட்டும் சொல்லிக்கொடுத்தார். இடது கைப் பெண் என்பதைவிட, வந்த மாப்பிள்ளையைத் தானே வேண்டாம் என்றவள் என்பதுதான் சந்தில் பெரிய பேச்சாக ஓடிற்று. அதற்குப் பிறகு நல்ல இடம் எதுவும் வரவில்லை. அத்தை சிராங்கூன் சாலையில் ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். துணி வெட்டுவதில் அவளைப் போல யாரும் இல்லை என்று கடைக்காரர் சொன்னதாக அம்மாதான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். வெகுகாலம் கழித்து, நான் உயர்நிலைப் பள்ளி முடிக்கும் சமயத்தில், அந்தக் கடைக்கு நூலும் பொத்தானும் கொண்டு வந்து போட்டவரை அத்தை தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு, பேசாமல் போனார். ஆனால் வந்தார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த வாரம் நடந்த ஒன்றைத்தான் நான் இன்னும் விடமுடியாமல் வைத்திருக்கிறேன்.

கேலாங் போய்வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ, மத்தியானச் சாப்பாடு. அத்தைக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவள் பக்கம் நான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். அவள் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கும்படி, இடது கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்தேன். அம்மா பார்த்தாள். அப்பா பார்க்காதவர் போலக் குனிந்துகொண்டார். நான் பெருமையோடு அத்தையைப் பார்த்தேன்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். தன் தம்ளர் தண்ணீரை ஊற்றி, விரல் விரலாகக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். கையை என் மடியில் வைத்து, அதன் மேல் தன் இடது கையை வைத்து அமுக்கினாள். பிறகு வலது கையால் சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, என் வலது கையில் வைத்தாள்.

“இதால சாப்பிடு.”

“நீங்க மட்டும்…” என்று ஆரம்பித்தேன்.

“சாப்பிடு.”

 என் கட்சியில் இருந்த ஒரே ஆளும் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். வாத்தியாரோடும், கேலாங் அம்மாளோடும், சைக்கிள் மாப்பிள்ளையோடும் சேர்ந்துகொண்டாள் என்று நினைத்தேன். அவள் மேல் எனக்கு வந்த கோபம் வெகுநாள் தீரவில்லை. கண்ணீரோடு வலது கையால் சோற்றை அள்ளி அள்ளித் தின்றேன்.

ஆனால் அவ்வளவு நேரமும் என் மடியில் இருந்த அந்தப் பிடியை அவள் தளர்த்தவே இல்லை. தானும் சாப்பிடாமல், யாரையும் பார்க்காமல், என் இடது கையைத் தன் இடது கைக்குள் வைத்து, வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்டிக்கத்தான் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று அன்று நினைத்து, கையை உருவிக்கொள்ளப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.